வருகைப் பதிவேட்டில் உள்ள எல்லாப் பெயரும்

ஆசிரியர் தினத்துக்கு வகுப்பின் சார்பாக என்ன கொடுப்பது என்ற பேச்சு ஆகஸ்ட் மாதக் கடைசியில் சென்னையின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் தொடங்கி, செப்டம்பர் 4 இரவுக்குள் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிடும். பேச்சு முழுவதும் பொருளைப் பற்றியதாகவே இருக்கும். பட்டுப் புடவையா, வெள்ளிக் குத்துவிளக்கா, படம் அச்சிட்ட கோப்பையா, பெயர் பொறித்த பேனாவா என்று நூறு செய்திகள் வரும். கொடுப்பது யார் என்ற கேள்வி மட்டும் எழாது. ‘வகுப்பின் சார்பாக’ என்று எழுதிவிட்டால் வகுப்பிலுள்ள எல்லோரும் அதற்குள் வந்துவிடுவார்கள் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். அப்படி வந்துவிடுவதில்லை என்பதைக் கடந்த ஆண்டு என் மகளின் மூன்றாம் வகுப்பில் கண்ணெதிரே பார்த்தேன். அதன்பிறகு இந்த விஷயத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கடந்த ஆண்டு பிள்ளைகளின் பெயர் பொறித்த மரப்பலகை, அதற்கு ஆளுக்கு 300 ரூபாய் என்று முடிவாயிற்று. பணம் அனுப்பியவர் குழுவில் உள்ள பட்டியலை நகலெடுத்து, கடைசி எண்ணுக்கு அடியில் தம் பிள்ளையின் பெயரைச் சேர்த்து, மறுபடியும் குழுவில் இட வேண்டும். இந்த முறையை அறியாத பெற்றோர் இன்று இருக்க மாட்டார்கள். பட்டியல் வளர்ந்துகொண்டே வந்து 38-இல் நின்றது. வகுப்பில் பிள்ளைகள் 41 பேர். வாங்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் அந்தப் பட்டியலை அப்படியே பொறிக்கும் கடைக்கு அனுப்பிவிட்டார். மூன்று பிள்ளைகளை விட்டுவிடலாம் என்று யாரும் பேசவில்லை, யாரும் அப்படி எண்ணவும் இல்லை. பணம் கொடுத்தவர்களின் பட்டியல், எந்த நேரத்தில் என்று தெரியாமலே, வகுப்பின் பட்டியலாகிவிட்டது.

பலகை அழகாகத்தான் இருந்தது. ஆசிரியரின் முகத்தை நடுவில் லேசரில் பொறித்து, அதற்குப் பின்னால் ஒரு பெரிய மரம் கிளை விரித்து நிற்க, இலைக்கு ஒரு பெயராக 38 பெயர்கள். மரம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வடிவமைத்தவர் பெயரில்லாத இலைகளையும் நிறையச் சேர்த்திருந்தார். கொஞ்சம் புகை வாசம் அப்போதும் அதில் இருந்தது. எழுத்துகளின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் சூடு பட்ட தடம்கூடத் தெரிந்தது.

செப்டம்பர் 5 காலையில் பெற்றோர் சிலரை வகுப்புக்குள் அனுமதித்தார்கள். பலகையை வாங்கிய ஆசிரியர், மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலையாகப் பார்த்துப் பெயர்களை உரக்க வாசிக்கத் தொடங்கினார். வருகைப் பதிவுதான் எடுக்கிறார் என்று எண்ணிய பிள்ளைகள், பெயர் வர வர எழுந்து “பிரசென்ட் மிஸ்” என்றார்கள். சிரிப்பும் கைதட்டலுமாக வகுப்பு களைகட்டியது. இலைகள் வரிசையாக இல்லாததால் யாருடைய பெயர் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் எல்லாப் பிள்ளைகளும் எழுவதற்குத் தயாராகப் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பெயர் முடிந்தபோது மூன்று பேர் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பலகையைக் கொண்டுவந்திருந்த எங்களுக்கு அப்போதுதான் அது உறைத்தது. என் பக்கத்தில் நின்றிருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசிரியர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த இலையில் எழுதியிருப்பதை வாசிப்பவர் போல, அதே குரலில், தலைப்பெழுத்தோடு சேர்த்து அந்த மூன்று பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். மூவரும் எழுந்து “பிரசென்ட் மிஸ்” என்றார்கள். “நாற்பத்தொரு பேருக்கும் தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டுப் பலகையைச் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்தார்.

அந்த மூன்று பெயர்களும் பலகையில் இல்லை என்பது பிள்ளைகளுக்கு அன்று தெரிந்திருக்காது. பிறகு பலகையை வகுப்பில் மாட்டியதாக என் மகள் சொல்லவில்லை. மாட்டாமல் இருந்தது அந்த ஆசிரியரின் முடிவு என்றே நான் நம்புகிறேன். ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் பெயரைத் தேட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சில வாரங்களுக்குப் பின் வீட்டுப் பெயர்ப்பலகை செய்வதற்காகத் தியாகராய நகரில் உள்ள ஒரு கடைக்குச் சென்றபோது, இப்படிப் பல பெயர்கள் கொண்ட பலகைக்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று கேட்டேன். பலகையின் அளவுக்கும் மரத்தின் தரத்துக்கும்தான் விலை என்றார் கடைக்காரர். “முப்பது பேரும் ஒண்ணுதான், நாப்பது பேரும் ஒண்ணுதான் மேடம்.” மூன்று பெயர்களைக் கூடுதலாகப் பொறித்திருந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவு கூடியிருக்காது. அந்தப் பதில் எனக்கு நெடுநாள் வலித்தது.

பணம் ஏன் வரவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். ஒரு பிள்ளையின் தந்தை எண்ணை மாற்றியதால் குழுவிலேயே இல்லை. இன்னொரு தாய் வீட்டுவேலைக்குச் செல்பவர். போனை இரவில்தான் பார்ப்பார், அதற்குள் நூறு செய்திகள் வந்து பட்டியல் மேலே போய்விடும். மூன்றாமவரின் காரணம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய உரிமையும் எனக்கு இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கச் சொல்கிறது. அப்படிச் சேர்ந்த பிள்ளையும் முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கம். சட்டம் சேர்த்து உட்கார வைத்த பிள்ளைகளைப் பெற்றோரின் பரிசுப் பட்டியல் ஒன்று பிரித்துவிடுமானால், அந்தப் பரிசை ஏன் கொடுக்க வேண்டும்?

உபாத்தியாயருக்குச் சேர்ந்த பணம்

ஆசிரியருக்குப் பிள்ளைகள் சேர்ந்து கொடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் நவராத்திரி வந்தால் பிள்ளைகள் புது உடை உடுத்தி, கோலாட்டக் கழிகளைத் தட்டிப் பாடிக்கொண்டு, உபாத்தியாயரோடு வீடு வீடாகச் செல்வார்கள். வீட்டார் மகிழ்ந்து கொடுப்பது உபாத்தியாயருக்குப் போய்ச் சேரும். நிலையான சம்பளம் இல்லாத அந்த மனிதருக்கு ஆண்டு வருவாயில் அது ஒரு முக்கியமான பங்கு. நான் இதில் கவனிப்பது ஒன்றைத்தான். ஒரு வீடு அதிகம் கொடுத்திருக்கும், ஒரு வீடு கைப்பிடி அரிசி கொடுத்திருக்கும். ஆனால் பாடியவர்கள் எல்லாப் பிள்ளைகளும். கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளையின் குரலும் அந்தப் பாட்டில் இருந்தது. பிள்ளையின் பங்கு உழைப்பாக இருந்ததால் அவனை யாராலும் கணக்கிலிருந்து நீக்க முடியவில்லை.

எவருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ அவருடைய வாழ்க்கையிலும் இப்படி ஒரு நிகழ்வு உண்டு. திருத்தணியில் பிறந்து, சென்னையில் படித்து, மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய ராதாகிருஷ்ணன், 1921-இல் மைசூரிலிருந்து கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். அப்போது மாணவர்கள் ஒரு வண்டியைப் பூக்களால் அலங்கரித்து, அவரை அதில் ஏற்றி, குதிரைக்குப் பதில் தாங்களே ரயில் நிலையம்வரை இழுத்துச் சென்றார்கள். வண்டியில் யாருடைய பெயரும் எழுதியிருக்காது. நுகத்தில் கைவைத்தவன், பின்னால் தள்ளியவன், கூட ஓடியவன் எல்லோரும் அதில் சேர்ந்தவர்களே. 1962-இல் அவர் குடியரசுத் தலைவரான ஆண்டிலிருந்து நாம் செப்டம்பர் 5-ஐக் கொண்டாடுகிறோம். மைலாப்பூரில் அவர் பெயர் தாங்கிய சாலையில் அன்று காலை பூங்கொத்தோடு போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

பென்சிலில் நின்ற ஒரு பெயர்

என் மனத்தில் உழன்றுகொண்டிருந்த விஷயம் ஓர் உருவத்துக்கு வந்தது எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில்தான். வடசென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. அத்தனை ஆண்டுகளில் வந்த பரிசுகளில் எதை வைத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “ஷீல்டு எல்லாம் காயலான் கடைக்குப் போயிடுச்சும்மா. புடவையெல்லாம் கட்டிக் கிழிச்சாச்சு” என்றவர், எழுந்துபோய் இரும்பு பீரோவின் அடித்தட்டிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து வந்தார்.

அது ஒரு மேசை விரிப்பு. எம்பிராய்டரி போடுவதற்கென்றே வாங்கும் கனத்த வெள்ளைத் துணி, இப்போது வெளுத்த சந்தன நிறத்துக்கு வந்திருந்தது. எண்பதுகளில் எட்டாம் வகுப்புப் பெண்கள் தையல் வகுப்பில் ஆளுக்கொரு பெயராகத் தைத்துக் கொடுத்தது. பெரும்பாலானவர்கள் சங்கிலித் தையலில் போட்டிருந்தார்கள், கைதேர்ந்த இரண்டு மூன்று பேர் காம்புத் தையலில். ஒரு பெண் பெரிய எழுத்தில் தொடங்கி, இடம் போதாமல் கடைசி எழுத்தைக் கீழே இறக்கியிருந்தாள். ஒருத்தியின் சிவப்பு நூல் சாயம் போய் அவள் பெயரைச் சுற்றி ஒரு மெல்லிய கறை. துணியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஒவ்வொரு பெயரின் முடிச்சும் ஒவ்வொரு விதமாக இருந்தது. சில பொறுமையாக வெட்டி முடித்தவை, சில பல்லால் கடித்து அறுத்தவை. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியையும் பற்றிச் சொன்னார். இவள் நர்ஸாக இருக்கிறாள், இவள் ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள், இவளுக்குக் கணக்கு வராது ஆனால் கோலம் போட்டால் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

துணியின் வலது ஓரத்தில் ஒரு பெயர் தைக்கப்படாமல் பென்சிலில் மட்டும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்ததாம். வந்து தைத்துக்கொள்ளட்டும் என்று மற்ற பெண்கள் அவளுடைய இடத்தை விட்டுவைத்து, வேறு யாரும் அதில் தைத்துவிடாமலிருக்கப் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் குணமாகி வருவதற்குள் முழுப் பரீட்சை முடிந்து பள்ளியே மூடிவிட்டது. “தண்ணியில போட்டா அழிஞ்சிடும்னு இதைத் துவைக்கவே இல்ல” என்றார் டீச்சரம்மா. மேசையில் ஒருநாளும் விரிக்காமல் அவர் அதைக் காத்து வைத்திருப்பது அந்த ஒரு பெயருக்காக.

பதின்மூன்று வயதுப் பெண்கள் வகுப்பை எண்ணத் தொடங்கிய இடம் வருகைப் பதிவேடு. வந்தவள், வராதவள், நன்றாகத் தைப்பவள், ஊசி பிடிக்கத் தெரியாதவள் என்ற வேறுபாடு அதன் பிறகுதான். நாங்கள் எண்ணத் தொடங்கிய இடம் பணம். எனக்குத் தெளிவு கிடைத்தது இங்கேதான். ஆசிரியரின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ ஒரு பொருளின்மேல் எழுதிவிட்டால் மட்டும் அது அவருக்கென்றே செய்த பரிசாகிவிடாது. ஒரே எழுத்துருவில் வரிசையாக நிற்கும் பெயர்கள் ஆசிரியருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. அந்தப் பெயர்களை அவர் தினமும் காலையில் அழைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று அந்தப் பொருளில் இருந்தால்தான் அது அவருக்குரியது.

இந்த ஆண்டு

நான்காம் வகுப்பில் ஆசிரியர் வேறு. ஆகஸ்ட் மாதத்தில் பேச்சு தொடங்கியதும், பிள்ளைக்கு ஒரு பக்கமாக ஒரு புத்தகம் கட்டிக் கொடுக்கலாம் என்று குழுவில் எழுதினேன். எதிர்ப்பு வந்தது, அதில் நியாயமும் இருந்தது. பக்கத்துப் பிரிவு வெள்ளிப் பொருள் கொடுக்கும்போது நாம் நோட்டுப் புத்தகம் கொடுத்தால் மிஸ்ஸுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றாதா என்று ஒருவர் கேட்டார். ஆசிரியர்கள் குறைந்த சம்பளத்தில் வேலை செய்கிறார்கள், உபயோகமான பொருளாகக் கொடுப்பதுதான் மரியாதை என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது கருத்தை நான் மதிக்கிறேன். தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலரின் சம்பளம் உண்மையிலேயே குறைவு. ஆனால் அதை ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் கொடுக்கும் புடவையால் ஈடுகட்ட முடியாது. தம் பிள்ளையை நன்றாகக் கவனிப்பார் என்ற எதிர்பார்ப்பும் விலையுயர்ந்த பொருளோடு சேர்ந்தே போகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களை இதிலிருந்து காப்பதற்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. தனியார் பள்ளியில் அந்தக் கோட்டைப் பெற்றோராகிய நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

கோப்பை யோசனையும் வந்தது. படம் அச்சிடும் கோப்பைக்கு மேலே ஒரு பூச்சு உண்டு; தாளில் இடவலம் மாற்றி அச்சிட்ட படத்தை அதன்மேல் சுற்றி, சூட்டில் அழுத்தினால் மை அந்தப் பூச்சுக்குள் இறங்கிவிடும். தேய்த்துக் கழுவினாலும் எளிதில் போகாது. வகுப்புக்கொன்றாக இதே கோப்பையை வாங்கிய ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அத்தோடு அது நின்றது.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போய்த் தாள் வாங்கினோம். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே தாள்களை ரீம் கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் கடை. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் தெரியாத அளவுக்குக் கனமான தாளாகப் பார்த்து எடுத்தோம். ஒவ்வொரு தாளின் பின்மூலையிலும் வருகை எண்ணைப் பென்சிலில் முதலில் எழுதிவிட்டு, பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுத்தோம். பெற்றோர் குழுவில் இல்லாதவர்களுக்கும் தாள் போய்ச் சேர வேண்டும் என்பதால், வகுப்புத் தலைவி மூலமாகப் பிள்ளைகளின் பைக்கே நேராகச் சென்றது. பணத்துக்குப் பட்டியல் இல்லை. தாளுக்கும் கட்டுவதற்கும் ஆன செலவு ஒரு நல்ல புடவையின் விலையில் சிறு பகுதிதான். முடிந்தவர்கள் ஒருவரிடம் அனுப்பினார்கள், யார் எவ்வளவு என்பது குழுவில் வரவில்லை.

பிள்ளைகளிடம் “மிஸ்ஸைப் பற்றி எழுது” என்று சொன்னால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள். அதனால் மிஸ் உனக்காகச் செய்த ஒன்று, வேறு யாருக்கும் தெரியாத ஒன்று, அதை எழுது என்று கேட்டோம். வந்தவற்றை வாசிக்க வாசிக்க எனக்குப் பேச்சு வரவில்லை. “என் டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. மிஸ் ஸ்கேலை வைத்து நெம்பித் திறந்தார். அவர் ஸ்கேல் உடைந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.” “மழையில் நனைந்த என் சாக்ஸை ஜன்னல் கம்பியில் காயப் போட்டீர்கள்.” “வகுத்தலில் மீதி வந்தால் தப்பு இல்லை என்று சொன்னீர்கள்.” ஒரு பையன் எதுவும் எழுதாமல் வகுப்பின் மின்விசிறியை மட்டும் வரைந்து, அதன் கீழ் தன் பெயரைப் போட்டிருந்தான். ஏன் என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிழைகளைத் திருத்தி, தட்டச்சு செய்து, அழகாக அச்சிடலாம் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ‘மகிழ்ச்சி’யில் ஒரு ச் விடுபட்டிருந்தால், அது யாருடைய கை என்று அந்த ஆசிரியருக்குப் பெயரைப் பார்க்காமலே தெரியும்.

திருவல்லிக்கேணியில் பைண்டிங் செய்பவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சில பிள்ளைகள் விளிம்புவரை எழுதிவிட்டதால் வெறும் பசை போட்டு ஒட்டி ஓரத்தை வெட்ட முடியாது என்றார். அப்படி ஒட்டுவது அடிக்கடி விரித்தால் முதுகில் வெடித்தும் விடும். ஒவ்வொரு தாளுக்கும் உள்ஓரத்தில் துணிப்பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில் தையல் போட்டு, காலிகோ துணியால் அட்டை கட்டிக் கொடுத்தார். எழுத்து ஒன்றுகூட உள்ளே மறையவில்லை. இப்படிக் கட்டுவதற்குச் செப்டம்பர் முதல் நாளே தாள்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு பேருடைய தாள் வந்து சேரவில்லை. டீச்சரம்மாவின் துணி நினைவில் இருந்ததால், அந்த இரண்டு எண்களுக்கும் உரிய இடத்தில் வெற்றுத் தாள் வைத்து, மேலே பெயரை மட்டும் பென்சிலில் எழுதிக் கட்டச் சொன்னோம். புத்தகத்தைக் கையில் வாங்கிய ஆசிரியர் அன்றே அந்த இருவரையும் மதிய இடைவேளையில் தம் மேசைக்கு அழைத்து எழுத வைத்தார் என்று மகள் வந்து சொன்னாள். உடைந்த ஸ்கேலைப் பற்றி எழுதிய பிள்ளையிடம் அவர் தனியாக ஏதோ பேசினாராம். என்ன பேசினார் என்பது அவர்களுக்குள் இருக்கட்டும்.

இப்போது ஆண்டு முடிவுக்கான பேச்சு ஆரம்பித்திருக்கிறது. ஏப்ரலில் மிஸ்ஸுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுக்க வேண்டும் என்று சில பெற்றோர் ஆசைப்படுகிறார்கள். அன்பினால் வரும் ஆசைதான் அது. கொடுக்க விரும்புகிறவர்கள் தங்கள் குடும்பத்தின் பெயரால் கொடுக்கலாம், ஆனால் ‘நான்காம் வகுப்பு’ என்று அதில் பொறிப்பதாக இருந்தால் பணத்தைக் கணக்கிடாமல் வருகைப் பதிவேட்டில் உள்ள எல்லோருக்காகவும் பொறிக்க வேண்டும் என்று குழுவில் எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டு பதில் போட்டிருக்கிறார்கள். பணம் கொடுக்காதவர்களையும் சேர்த்தால் கொடுத்தவர்களுக்கு அது எப்படி நியாயமாகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவரை இந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நேரில் பார்த்துப் பேசப்போகிறேன்.